வண்டி பழசு

எதிர்தரப்பின் பதிலுரையில் பக்கத்துக்கு ஒரு தடவையாவது வந்து நின்ற சமாதானம் ஒன்றுதான்: வண்டி பழசு. பேட்டரி இறங்கியதா, வண்டி பழசு. ஒயர் கருகியதா, வண்டி பழசு. மலைமேல் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லையா, அதற்கும் வண்டியின் வயசுதான் பொறுப்பு. ‘இந்த வண்டிக்கு ஏற்ற மாதிரி ஒரு பாட்டு செட் போட்டுக் கொடுங்க’ என்று கேட்டு வந்தவரிடம் பணத்தை எண்ணி வாங்கிய நாளில் அந்த வயசு கடைக்காரர் கண்ணில் படவில்லையா? 2012-இல் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் நான் நடத்திய அந்த வழக்கு முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் ஓடியது. தொகை சின்னது. ஆனாலும் என்னிடம் ஜூனியராக வருகிறவர்களுக்கு நான் முதலில் எடுத்துக் கொடுக்கும் கட்டு அதுதான்.

கட்சிக்காரர் வத்தலக்குண்டுக்காரர். பேர் வேண்டாம். 1990-களின் கடைசியில் வந்த டாடா சுமோ அவருடையது. அவர் மூன்றாவது ஓனர். மஞ்சள் போர்டு, கொடைக்கானல் சவாரி, அதுதான் பிழைப்பு. கொடை ரோட்டில் ரயிலை விட்டு இறங்குகிறவர்கள், சிவகாசி, விருதுநகர்ப் பக்கமிருந்து குடும்பத்தோடு வந்து வத்தலக்குண்டில் வண்டி பிடிக்கிறவர்கள், இவர்கள்தான் வாடிக்கை. ஊரைத் தாண்டி காட்ரோட்டில் திரும்பினால் மலை ஆரம்பம். டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை என்று ஏறி முடிகிறவரை வண்டிக்குள் பாட்டு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். “பாட்டு சரியில்லாத வண்டிய ரெண்டாவது தடவ கூப்பிட மாட்டாங்க சார்” என்றார் அவர். இளையராஜா பிறந்த பண்ணைப்புரத்துக்குப் போகிறவர்களும் இந்த ஊர் வழியாகத்தான் போகிறார்கள். பாட்டு இங்கே தொழிலின் ஒரு பாகம்.

வண்டியில் இருந்தது கேசட் செட். ஹெட் தேய்ந்து, பாடுகிறவர் யாராக இருந்தாலும் ஜலதோஷம் பிடித்த குரலாகவே கேட்கும். சவாரிக்கு வருகிறவர்களோ பென் டிரைவைக் கையில் கொண்டுவந்து எங்கே செருகுவது என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அவர் மனைவி மகளிர் குழுவில் 15,000 ரூபாய் கடன் எடுத்துக் கொடுத்தார். 8,000 ரூபாயில் செட்டை முடித்துக்கொண்டு மிச்சத்தில் இரண்டு டயர் மாற்றுவது என்பது வீட்டில் பேசிய கணக்கு.

கடையில் அந்தக் கணக்கு அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. வண்டி என்ன மாடல், எத்தனை வருஷம் ஓடியது, கையில் எவ்வளவு இருக்கிறது, எல்லாவற்றையும் இவரே சொல்லியிருக்கிறார். ‘8,000-ல செட் மட்டும் போட்டா மலையில ஒண்ணும் கேக்காதுண்ணே, ஆம்ப் போட்டாத்தான் நிக்கும்’ என்றிருக்கிறார்கள். பென் டிரைவ் செட் 4,200, முன் கதவுக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர் 2,000, ஆம்ப்ளிஃபையர் 3,500, பெட்டியோடு ஊஃபர் 3,000, மாட்டுக்கூலி 1,800. ஆக 14,500. பில் கேட்டதற்கு, கடைப் பேர் போட்ட எஸ்டிமேட் தாளில் பென்சிலால் இந்த ஐந்து வரியையும் எழுதிக் கொடுத்தார்கள். ஆம்ப்ளிஃபையர் பெட்டியில் ‘1000 வாட்’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. டயர் மாற்றவில்லை.

முதல் இரண்டு வாரம் எல்லாரும் மெச்சினார்கள். பிறகு, கொடைக்கானலில் இரண்டு இரவு தங்கிய ஒரு குடும்பத்தை இறக்கிக்கொண்டு வரவேண்டிய காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வேறு வண்டியில் ஒயர் கொடுத்து ஸ்டார்ட் செய்வதற்குள் சவாரிக்காரர்கள் இன்னொரு வண்டி பிடித்துப் போய்விட்டார்கள். வாடகையிலும் பிடித்துக்கொண்டார்கள். கீழே வந்து பேட்டரி வாங்கிய கடையில் காட்டினார். வாங்கி மூன்று மாதம் ஆகாத பேட்டரி, நல்லா இருக்கிறது என்றார்கள். ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் பார்த்தார், அதுவும் சரி. ஊரில் தினமும் காலையில் வண்டி ஒரு தட்டில் ஸ்டார்ட் ஆனது. அடுத்த இரண்டு இரவுச் சவாரியில் மறுபடியும் அதே ‘டிக்’. அந்தத் தடவை ஒயர் கொடுக்க வேறு வண்டி கிடைக்காமல் சரிவில் உருட்டி கியரில் போட்டு ஸ்டார்ட் செய்திருக்கிறார். இதைக் கேட்டபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. எஞ்சின் ஓடாத வண்டியில் பிரேக் மிதித்தால் கல்லை மிதிப்பது போலிருக்கும். கொடைக்கானல் சரிவில் அப்படி ஒரு சுமோவை உருட்ட வைத்தது யார்?

கடையில் போய்க் கேட்டிருக்கிறார். “வண்டி பழசுண்ணே, நாங்க என்ன பண்றது” என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொன்னார்கள். ஆம்ப்ளிஃபையரைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றதற்கு, விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று சுவரில் மாட்டியிருந்த போர்டைக் காட்டினார்கள்.

என்னிடம் வந்தபோது அவர் கேட்டது, நோட்டீஸ் ஒன்று விட முடியுமா என்பதை மட்டும்தான். கோர்ட்டுக்குப் போனால் போட்ட காசைவிடச் செலவு அதிகமாகும் என்ற பயம். நுகர்வோர் மன்றத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரைக்குமான புகாருக்கு அப்போது கட்டணம் 100 ரூபாய். கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் கிடையாது, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் கிடையாது. இதைச் சொன்னதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, “அப்பப் போட்டுருவோம் சார், அது என் குழுக்காசு” என்றார். வழக்கு முடிகிறவரை வாய்தா தவறாமல் வந்தவரும் அந்த அம்மாதான்.

நான் முதலில் சொன்ன யோசனை, எதையும் தொடாதீர்கள் என்பது. செட்டைக் கழற்ற வேண்டாம், வேறு எலக்ட்ரீசியனிடம் காட்ட வேண்டாம், கடைக்காரன் மாட்டியது மாட்டியபடி இருக்கட்டும். அதற்குள் அவரே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். இராத்திரி வண்டியை நிறுத்தினால் பானெட்டைத் தூக்கி, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரி எர்த் கிளாம்பை லூஸ் செய்து எடுத்துவிடுவார். காலையில் மறுபடி மாட்டுவார். கிளாம்பைக் கழற்றிய இரவுகளில் பேட்டரி இறங்கவில்லை. இதை அவர் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போனார். எனக்கு அங்கேயே வழக்கு தெரிந்துவிட்டது. பேட்டரி தானாக இறங்கவில்லை. வண்டி நிற்கும்போது எதுவோ குடிக்கிறது.

எதிர்தரப்பு வக்கீல் அனுபவசாலி. தகுதிக்குள் போகாமலே வழக்கை வாசலில் நிறுத்தப் பார்த்தார். மஞ்சள் போர்டு வண்டி, வாடகைக்கு ஓடுவது, ஆகவே வணிக நோக்கம்; 1986-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இவர் நுகர்வோரே அல்ல என்பது முதல் ஆட்சேபணை. அந்தச் சட்டத்தில் 1993-இல் ஒரு விளக்கம் சேர்த்திருக்கிறார்கள்: சுயதொழில் செய்து தன் பிழைப்பை நடத்துவதற்கு மட்டுமே ஒருவர் பொருள் வாங்கினால் அது வணிக நோக்கமாகாது. அந்த விளக்கத்தை உச்ச நீதிமன்றம் அலசியது நம் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் சம்பந்தப்பட்ட வழக்கில்தான். லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற நிறுவனம் அவர்களிடம் வாங்கிய எந்திரம் சரியில்லை என்று போட்ட வழக்கு. 1995-இல் நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு. வழக்குப் போட்டவர் அதில் தோற்றுப்போனார், அவர் வாங்கியது பெருமளவு உற்பத்திக்காக என்று. ஆனால் தீர்ப்புக்குள் ஓர் உதாரணம் இருக்கிறது: ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைக்கிறவர் நுகர்வோர்தான். லாரி வாங்கித் தானே ஓட்டுகிறவரும் அப்படியே.

எதிர்தரப்பு அதையும் எதிர்பார்த்து வந்திருந்தது. கட்சிக்காரருக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது ஆக்டிங் டிரைவர் ஒருவர் வண்டி ஓட்டியதற்கு ஆதாரம் வைத்திருந்தார்கள். ஆள் வைத்து ஓட்டுகிறவர் முதலாளிதானே என்றார்கள். அதே தீர்ப்பில் அடுத்த வரியை வாசித்துக் காட்டினேன். வண்டியை இயக்க ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொள்வதால் மட்டும் ஒருவர் நுகர்வோர் என்ற தகுதியை இழப்பதில்லை. தோற்றவருடைய வழக்கில் எழுதிய வரிகள் வத்தலக்குண்டு டிரைவருக்குக் காவலாக நின்றன. தீர்ப்பின் முடிவை மட்டும் படித்துவிட்டு மூடி வைக்காதீர்கள் என்று ஜூனியர்களிடம் நான் படித்துப் படித்துச் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது ஆட்சேபணை, பொருளைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பவில்லை என்பது. பொருளில் உள்ள குறை பார்வைக்குத் தெரியாதபோது ஆய்வுக்கூட அறிக்கை வாங்கும்படி 13-வது பிரிவு சொல்கிறது என்பது உண்மை. எங்கள் புகாரோ பெருமளவு மாட்டிய விதத்தைப் பற்றியது; அது சேவைக் குறைபாடு. வண்டியை நேரில் பார்க்க வழக்கறிஞர் ஆணையர் வேண்டும், கூடவே ஐ.டி.ஐ.யில் பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவர் இருக்க வேண்டும் என்று இடைக்கால மனு போட்டேன். மன்றம் அனுமதித்தது.

பெரியகுளம் சாலையில் ஒரு பட்டறைக் கொட்டகையில் அந்தப் பார்வையிடல் நடந்தது. ஆணையராக வந்தவர் ஓர் இளம் வக்கீலம்மா. நோட்டும் கேமராவுமாக நின்றார். கடைத் தரப்பில் வக்கீலோடு, அன்றைக்கு வண்டியில் செட் மாட்டிய பையனும் வந்திருந்தான். இருபது வயசுகூட இருக்காது.

ஆசிரியர் சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். கதவெல்லாம் சாத்தி, உள்விளக்கு அணைந்ததை உறுதி செய்துகொண்டார். பேட்டரியின் எர்த் கிளாம்பைக் கழற்றி, கிளாம்புக்கும் பேட்டரிக்கும் நடுவில் மல்டிமீட்டரைச் சேர்த்தார். சாவி இல்லாத வண்டி, எல்லாம் அணைந்த வண்டி. மீட்டர் காட்டியது 1.3 ஆம்பியர். ஆணையரைக் கூப்பிட்டு எண்ணைப் படிக்கச் சொன்னார். பிறகு பின்சீட்டுக்கு அடியில் கைவிட்டு ஆம்ப்ளிஃபையரின் பியூஸைப் பிடுங்கினார். எண் சடாரென்று 0.02-க்கு விழுந்தது. மறுபடி செருகினார், 1.3. மூன்று தடவை செய்து காட்டினார். எதிர்தரப்பு வக்கீலும் குனிந்து பார்த்தார்.

பின்சீட்டைத் தூக்கிய பிறகு காரணம் கையிலேயே கிடைத்தது. ஆம்ப்ளிஃபையரில் மூன்று திருகுகள் உண்டு: பேட்டரியிலிருந்து நேராக வரும் கரண்டுக்கு ஒன்று, எர்த்துக்கு ஒன்று, நடுவில் ரிமோட் என்று ஒன்று. இந்த ரிமோட்டுக்கு, முன்னால் இருக்கும் செட்டின் முதுகிலிருந்து ஒரு நீல ஒயர் வரவேண்டும். செட்டைப் போட்டால் அதில் கரண்டு வந்து ஆம்ப்ளிஃபையர் விழிக்கும். செட்டை நிறுத்தினால் அதுவும் அடங்கும். இந்த வண்டியில் நீல ஒயர் வரவே இல்லை. பேட்டரித் திருகிலிருந்து ரிமோட் திருகுக்கு ஒரு விரல் நீளச் சிவப்பு ஒயரை வளைத்து முடுக்கியிருந்தார்கள். ஸ்விட்சே இல்லாத பல்பு மாதிரி, மாட்டிய நாளிலிருந்து அந்த ஆம்ப்ளிஃபையர் ஒரு நிமிஷம்கூட அணையவில்லை.

“எதுக்குப்பா இப்படி மாட்டினே?” என்று ஆசிரியர்தான் கேட்டார், அதட்டாமல். பையன் தன் கடை வக்கீலைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். “நீல ஒயர் பின்னாடி வரைக்கும் எட்டல சார். டேஷ்போர்டக் கழட்டி இழுக்கணும். அடுத்த வண்டி நிக்குதுன்னு அண்ணன் சத்தம் போட்டாரு. இப்படிக் குடுத்தாலும் பாடும்னு சொன்னாங்க.” ஆணையர் அதை அப்படியே குறித்துக்கொண்டார். அந்தப் பையன்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. சொல்லிக் கொடுக்க யாருமில்லாமல் இந்தத் தொழிலுக்கு எத்தனையோ பையன்கள் வருகிறார்கள்.

ஊரில் தினமும் ஸ்டார்ட் ஆன வண்டி மலையில் மட்டும் ஏன் கைவிட்டது என்பதற்கு ஆசிரியர் ஒரு தாளில் கணக்குப் போட்டார். மணிக்கு 1.3 என்றால் ஊரில் ஓர் இரவு, 12 மணி நேரம் நின்றால், 15 ஆம்பியர்-மணிக்குச் சற்று மேல் போகும். 80 ஆம்பியர்-மணிப் பேட்டரி அதைத் தாங்கும். மறுநாள் ஓட்டத்தில் சார்ஜ் ஏறிவிடும். கொடைக்கானலில் இரண்டு இரவும் நடுப்பகலும் அசையாமல் நின்றால் 45-க்கு மேல் போய்விடும். மிஞ்சுவது பாதிக்கும் கீழே. குளிர் ஏற ஏற பேட்டரியின் பலம் குறையும். அந்தக் குளிரில் டீசல் எஞ்சினைச் சுற்றவோ கூடுதல் பலம் வேண்டும். 2,000 மீட்டருக்கு மேலே, விடியற்காலையில், அந்த மிச்சம் போதவில்லை. பேட்டரிக் கடைக்காரர் சொன்னதும் சரி, ஆல்டர்னேட்டர் பார்த்தவர் சொன்னதும் சரி.

இதைவிட என்னைக் கலங்க வைத்தது பவர் ஒயர். பேட்டரியிலிருந்து பின்சீட் வரை போகும் அந்த ஒயரில், பேட்டரிப் பக்கம் பியூஸே கிடையாது. ஆம்ப்ளிஃபையரில் இருக்கும் பியூஸ் ஆம்ப்ளிஃபையரைத்தான் காக்கும். நடுவழியில் ஒயர் எங்காவது பாடியில் உரசினால் பேட்டரியின் முழுக் கரண்டும் அங்கே பாயும். பியூஸ் பேட்டரிக்கு ஒரு சாணிலிருந்து இரண்டு சாணுக்குள் இருந்தாக வேண்டும். எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவிலுள்ள தகரத்தில் ஓட்டை போட்டு, ரப்பர் வளையம் வைக்காமல் ஒயரை இழுத்திருந்தார்கள். தகர விளிம்பு உறையை அறுத்துப் பாதி தூரம் போயிருந்தது. உறை அந்த இடத்தில் பழுப்பேறியிருந்தது. ஆசிரியர் பிளேடால் ஒயர் நரம்பை லேசாகச் சுரண்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு பூசியது. குடும்பம் குடும்பமாக ஆட்கள் ஏறி உட்காரும் சீட்டுக்கு அடியில் இந்த ஒயர் ஓடிக்கொண்டிருந்தது.

நுகர்வோர் மன்றத்தில் சாட்சிக் கூண்டேற்றிக் குறுக்கு விசாரணை செய்வது வழக்கமில்லை. எல்லாம் வாக்குமூலப் பத்திரம்தான். தேவைப்பட்டால் கேள்விகளை எழுத்தில் கொடுத்துப் பதில் வாங்கலாம் என்று டாக்டர் ஜே.ஜே. மெர்ச்சன்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-இல் சொல்லியிருக்கிறது. அதன்படி வினாப்பட்டியல் கொடுத்தேன். முக்கியமானவை மூன்று. ஆம்ப்ளிஃபையரில் உள்ள பியூஸ் எத்தனை ஆம்பியர்? 20 என்று பதில். ஓடும் வண்டியில் மின்னழுத்தம் எவ்வளவு? சுமார் 14 வோல்ட் என்று பதில். இரண்டையும் பெருக்கினால் எவ்வளவு? இதற்கு மட்டும் ‘கணக்கு விஷயம், பதில் தேவையில்லை’ என்று எழுதினார்கள். பெருக்கினால் 280 வாட். உள்ளே போகும் கரண்டே 280 வாட்டைத் தாண்டினால் பியூஸ் போய்விடும் என்கிறபோது, வெளியே 1000 வாட் எங்கிருந்து வரும்? வெப்பமாகப் போகிற பங்கைக் கழித்தால் 280-கூட மிஞ்சாது.

இது ஒரு கடையின் பிரச்சினை இல்லை. பெட்டியில் அச்சடிக்கும் பெரிய எண், ஒரு கணம் மட்டும் எட்டும் உச்சத்தைச் சொல்வது. சில பெட்டிகளில் அதுவும் இல்லை, வெறும் எண்தான். வாங்குகிறவர் பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். என்று போட்டிருக்கும் எண்ணை. தொடர்ந்து கொடுக்கக்கூடிய பலம் அதுதான். ‘50 வாட், நாலு சேனல்’ என்று முகத்தில் எழுதிய நல்ல கம்பெனி செட்டுகூட, 14 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து கொடுப்பது சேனலுக்கு 20 வாட் அளவுதான். அந்த 20 வாட் கதவு சாத்திய வண்டிக்குள் தாராளம். ஸ்பீக்கர் வாங்கும்போது சென்சிட்டிவிட்டி எத்தனை டெசிபெல் என்று பார்த்து, 87-க்குப் பதில் 90 உள்ளதை எடுத்தால், ஆம்ப்ளிஃபையர் பலத்தை இரட்டிப்பாக்கிய பலன் காசில்லாமல் கிடைக்கும். அந்த 3 டெசிபெல்லுக்கு அவ்வளவு மதிப்பு. இதைச் சொல்லியிருந்தால் கட்சிக்காரரின் 8,000 ரூபாய் போதுமாக இருந்திருக்கும். கடைக்குத் தெரியாத விஷயமா இது?

அந்தப் பெட்டியையும் நாங்கள் சான்றாவணமாகப் போட்டோம். தயாரித்தவர் பேர் இல்லை, முகவரி இல்லை, இறக்குமதி செய்தவர் யார் என்பதும் இல்லை. பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் வருட விதிகள் இவற்றையும் அதிகபட்ச விலையையும் கட்டாயம் அச்சிடச் சொல்கின்றன. கம்பெனியைக் கட்சி சேர்க்கவில்லை என்று எதிர்தரப்பு எழுப்பிய மூன்றாவது ஆட்சேபணை இந்தப் பெட்டியைக் காட்டியதும் அடங்கிப்போனது. பேரே இல்லாத கம்பெனிக்கு எந்த முகவரியில் நோட்டீஸ் அனுப்புவது?

பில் இல்லாததும் எங்களுக்குச் சிக்கல்தான். பென்சில் எஸ்டிமேட்டை, ‘விலை கேட்டுப் போனார், வாங்கவில்லை’ என்று சொல்லித் தப்பிக்கலாம். அங்கே அந்த அம்மாவின் மகளிர் குழுப் பாஸ்புத்தகம் கைகொடுத்தது. கடன் கொடுத்த தேதி, தொகை, ‘வண்டிச் செலவுக்கு’ என்ற குறிப்பு, எல்லாம் குழுச் செயலாளர் கையெழுத்தோடு இருந்தன. எஸ்டிமேட்டில் இருந்த தேதி அதற்கு மறுநாள். மாட்டிய பையனே ஆணையர் முன்னால் பேசிவிட்ட பிறகு விற்கவே இல்லை என்று சொல்லவும் வழியில்லை.

கடைசி வாதத்தில் நான் நேரமெடுத்துப் பேசியது 1930-ஆம் வருடச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-வது பிரிவைப் பற்றி. இன்ன காரியத்துக்கு என்று சொல்லி, விற்கிறவரின் திறமையை நம்பி ஒருவர் பொருள் கேட்டால், அது அந்தக் காரியத்துக்குத் தக்கதாக இருக்க வேண்டும் என்பது விற்பனையிலேயே அடங்கிய நிபந்தனை. கட்சிக்காரர் வண்டியின் வயசைச் சொன்னார். பணத்தின் அளவைச் சொன்னார். எது பொருந்தும் என்று கேட்டார். இந்த மூன்றும் நடந்த பிறகு ‘வண்டி பழசு’ என்பது கடைக்குச் சாக்காகாது. கடையின் பொறுப்பைக் கூட்டும் காரணம் அது. பழைய வண்டியில் ஒயர் உறை இறுகிப்போயிருக்கும், எர்த் துருவேறியிருக்கும் என்று தெரிந்தவர் அங்கே கடைக்காரர்தான். தெரிந்தவர் பியூஸ் போட்டிருக்க வேண்டும், ரப்பர் வளையம் வைத்திருக்க வேண்டும். அல்லது ‘இந்த வண்டிக்கு ஆம்ப் வேண்டாம்’ என்று சொல்லியிருக்க வேண்டும். செட் மாட்டுவதற்குச் சில வாரம் முன்னால்தான் அந்த வண்டி எப்.சி. வாங்கியிருந்தது, அந்தச் சான்றிதழும் கட்டில் இருந்தது. சர்க்கார் ஓடலாம் என்று கையெழுத்துப் போட்ட வண்டி, ஒரு விரல் நீள ஒயருக்கு முன்னால் எப்படித் திடீரென்று பழசானது என்று கேட்டு உட்கார்ந்தேன்.

உத்தரவு எங்கள் பக்கம் வந்தது. ஆம்ப்ளிஃபையர், ஊஃபர், மாட்டுக்கூலி சேர்த்து 8,300 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். பொருளைக் கடை எடுத்துக்கொள்ளலாம். மன உளைச்சலுக்கு 5,000, செலவுத்தொகை 2,000. இரண்டு மாதத்துக்குள் தராவிட்டால் 9 சதவீத வட்டி. செட்டும் கதவு ஸ்பீக்கரும் நன்றாகப் பாடுகின்றன என்று நாங்களே ஒப்புக்கொண்டதால் அவற்றைத் தொடவில்லை, அது நியாயம். போன சவாரிகளுக்கான நஷ்டத்தை மட்டும் டிரிப் ஷீட் இல்லை என்று தள்ளிவிட்டார்கள். அதில் எனக்கு இன்றைக்கும் உடன்பாடு இல்லை. தேதி, ஊர், வாங்கிய தொகை, பிடித்துக்கொண்ட தொகை என்று அவர் கையால் எழுதிய நோட்டு இருந்தது. ஒற்றை வண்டி டிரைவரிடம் அதைவிடப் பெரிய கணக்குப் புத்தகம் எங்கே இருக்கும்? மேல்முறையீடு செய்யலாம் என்றேன். “போதும் சார், குழுக்கடன் அடையுது” என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். கடையும் மேலே போகவில்லை. நிறைவேற்று மனு போடப்போகிறோம் என்று ஒரு கடிதம் விட்டதும் டிமாண்ட் டிராப்ட் வந்தது.

ஊர் ஆட்டோ எலக்ட்ரீசியன் ஒருவர் வண்டியைச் சரிசெய்தார். ஆம்ப்ளிஃபையர் ஒயரை முழுதாக உருவிப் போட்டார். செட்டின் மஞ்சள் ஒயரைப் பியூஸ் வைத்து பேட்டரிக்கும், சிவப்பைச் சாவிக்கும், கறுப்பைப் பெயின்ட் சுரண்டிய தகரத்துக்கும் கொடுத்தார். முன் கதவின் அட்டையைக் கழற்றி, உள்தகரத்தில் தார் ஷீட் ஒட்டி, ஆடிய கிளிப்புகளை மாற்றிவிட்டு அதே 2,000 ரூபாய் ஸ்பீக்கரை மறுபடி முடுக்கினார். முன்பு கதவு அதிர்ந்து சத்தத்தைத் தின்றுகொண்டிருந்தது. இப்போது பாட்டு கதவிலிருந்து வந்தது. ஆம்ப்ளிஃபையர் இல்லை, ஊஃபர் இல்லை. கொண்டை ஊசி வளைவில் மேலேயிருந்து இறங்கும் பஸ்ஸின் ஹாரன் டிரைவர் காதில் விழ வேண்டும். அந்த மலைச் சாலைக்கு இந்தச் சத்தமே அளவானது என்பது என் கட்சி.

2020 ஜூலை 20 முதல் புது நுகர்வோர் சட்டம் நடப்பில் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரைக்கும் இப்போது கட்டணமே இல்லை. பில் கொடுக்காமல் விடுவதும், குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிகம் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். கடைச் சுவரில் அந்தப் போர்டு மட்டும் இன்னும் தொங்குகிறது.

ஸ்டாண்டில் அந்தக் கட்சிக்காரர் சொல்லி, பழைய ஆம்னி, பழைய குவாலிஸ், பழைய இண்டிகா வைத்திருக்கிறவர்கள் செட் வாங்கப் போகுமுன் என் அலுவலகத்துக்கு வந்துவிட்டுப் போகிறார்கள். அரைப் பக்கத் தாள் ஒன்று எழுதிக் கொடுக்கிறேன். வண்டியின் மாடல், வருடம். வாங்குகிறவர் சொன்ன பட்ஜெட். கடை சிபாரிசு செய்த பொருள்கள், ஒவ்வொன்றின் கம்பெனிப் பேரோடு. பேட்டரிப் பக்கம் எத்தனை ஆம்பியர் பியூஸ் போட்டிருக்கிறது, ஆம்ப்ளிஃபையர் இருந்தால் ரிமோட் ஒயர் எங்கிருந்து வருகிறது. கீழே, வண்டியைப் பார்த்து மாட்டினேன் என்று கடைக்காரர் கையெழுத்து, தேதி, கடை முத்திரை. கையெழுத்துப் போட யோசிக்கிற கடையில் பணம் கொடுக்காதே தம்பி, அடுத்த கடைக்குப் போ என்று சொல்லி அனுப்புகிறேன்.